கல்லுப்பு, கடற்பாசி, காலை மாத்திரை

2006-ஆம் ஆண்டுக் கோடை. தூத்துக்குடியில் தெருவே மொட்டை மாடியில் பாய் விரித்துக் காற்றுக்கு ஏங்கிக் கிடந்தபோது, டீச்சர் மட்டும் அறைக்குள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அவரை டீச்சர் என்றே அழைத்தது. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

குரல்தான் முதலில் போனது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி செய்யுள் சொல்லிக் கொடுத்த குரல் கரகரத்து, பிற்பகல் வகுப்புக்குள் அடங்கிவிடும். சீப்பு நிறைய முடி வந்தது. காலையில் கண்ணிமைகள் ஊதியிருந்தன. சோப்புப் போட்டாலும் மோதிரம் கழலவில்லை. சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்க, எடை மட்டும் மாதாமாதம் ஏறியது. மாதவிலக்கோ நாள் கணக்கில் நீண்டது.

எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் கைவசம் இருந்தது. குரலுக்குச் சாக்பீஸ் தூசி, எடைக்கு வயது, சோர்வுக்கு ரத்தசோகை, மறதிக்குத் தூக்கக் குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருந்தும். அதனால்தான் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. டீச்சருக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே வகுப்பு முழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், எதிரில் நிற்கும் பிள்ளையின் பெயர் நாக்கில் வராமல் நின்ற நாட்கள் வந்தன. ஆசிரியர் அறையில் யாரோ, “டீச்சருக்குச் சோம்பல் வந்துட்டு” என்றார்கள். அது சோம்பல் அல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தால் இதயத்துடிப்பு, செரிமானம், தோல், நினைவு என்று உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடுகிறது.

ரத்தசோகைக்காகப் பார்க்கப் போன இடத்தில் இருந்த ஒரு பெண் மருத்துவர்தான் நோயைப் பிடித்தார். டீச்சர் இரண்டு வாக்கியம் பேசியதும், நாற்காலியில் முட்டியிட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது. பழைய இடத்துக்குத் திரும்ப மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. கழுத்தின் முன்பக்கத்தை விரலால் தடவி, எச்சில் விழுங்கச் சொன்னார். சுரப்பி சற்றுப் பெருத்துக் கெட்டியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அளவு இயல்பைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது, தைராய்டு சுரக்கும் தைராக்சின் குறைந்திருந்தது, சுரப்பிக்கு எதிரான டிபிஓ எதிர்ப்பொருளும் மிகுந்திருந்தது. மருத்துவர், ஹாஷிமோட்டோ என்று நோயின் பெயரைச் சொல்லி, தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்போது சாப்பிடுவது என்று கேட்டதற்கு, காலையில் என்றார். அவ்வளவுதான். வெளியே பெரிய வரிசை காத்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நிற்கவில்லை. “தைராய்டாம்” என்பது மட்டும் தெருமுனை வரை போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து வைத்தியம் வீடு தேடி வந்தது.

மாமியார் இரவில் கொத்தமல்லி விதையை ஊறவைத்துக் காலையில் கொதிக்கவைத்து வடித்துக் கொடுத்தார். கழுத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். பக்கத்து வீட்டு மதினி கருஞ்சீரகமும் வெந்தயமும் ஓமமும் வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் தந்தார். பள்ளியில் உடன் வேலை பார்த்தவர் தேங்காய் எண்ணெயை வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் சர்வாங்காசனம் செய்தால் கழுத்துக்கு ரத்தம் பாயும் என்றார். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வீட்டுக்குள் வரவே கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராச் சூரணம் கிடைத்தது.

இந்த அன்பை டீச்சர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. விடியுமுன் எழுந்து தனக்காக அடுப்பு மூட்டிய மாமியாரின் கை அது. கொத்தமல்லி நீரால் கெடுதல் எதுவும் இல்லை. வெந்தயம் மலச்சிக்கலுக்கு உதவியது. ஆனால் அவற்றில் எதுவும் தைராக்சின் அல்ல. அமுக்கரா வேறு வகை. அது தைராய்டு அளவை ஏற்றிவிடக்கூடியது. அளவு மீறிப்போய் நெஞ்சு படபடப்போடு வந்தவர்களும், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். மாத்திரையோடு சேர்த்து அதை யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது ஆபத்து. முட்டைக்கோஸ் விலக்கோ தேவைக்கு மீறியது. அதில் சுரப்பியைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. வேகவைத்தால் பெருமளவு குறைந்துவிடும். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் வாரத்தில் ஒரு பொரியல் சாப்பிடுவதால் ஒன்றும் நேராது. மரவள்ளிக்கிழங்கையே முழு உணவாகக் கொண்டு, அயோடினும் கிடைக்காமல் வாழும் ஊர்களில்தான் உணவால் கழுத்து வீங்கியது.

“ஒனக்கு அயோடின் பத்தலை. அதான் சங்கதி” என்று தீர்ப்புச் சொன்னவர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர். சான்றும் காட்டினார். டிஞ்சர் அயோடினைப் பஞ்சில் தோய்த்து முன்கையில் வட்டமாகப் பூசி, பொழுது சாய்வதற்குள் மறைந்துவிட்டால் உடம்புக்கு அயோடின் தேவை என்று பொருள் என்றார். மதியமே மறைந்துவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். அயோடின் காற்றில் ஆவியாகும் பொருள். வெயிலிலும் வியர்வையிலும் அது யார் கையிலும் மறையும். உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த வட்டம் சொல்லாது. ஒரு மக்கள்தொகைக்கு அயோடின் போதுமா என்று பார்க்கச் சிறுநீரில்தான் அளக்கிறார்கள்.

மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கடலுக்குள்ளேருந்து வாற உப்பைத்தான தின்னுதோம், பொறவு அயோடின் எப்படிக் கொறையும்?” என்றார். ஊரைச் சுற்றி உப்பளம். மாட்டு வண்டியிலும் பிறகு மூன்று சக்கர சைக்கிளிலும் கல்லுப்பு வீட்டு வாசலுக்கே வரும். படியால் அளந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விடை பல பேரை வியக்க வைக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான். அது துளியும் போகாமல் பாத்தியில் உப்போடு தங்கிவிட்டாலும், ஒருவர் நாள் முழுவதும் சாப்பிடும் 10 கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம் தேறாது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150. கடலின் அயோடின் சேருவது மீனிலும் பாசியிலும்.

அயோடின் உப்பு என்பது ஆலையில் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்து உண்டாக்குவது. பத்து லட்சம் பங்கு உப்பில் ஆலையில் 30 பங்கும், வாங்குபவர் கைக்கு வரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த 15 பங்கைக் கணக்கிட்டால் 10 கிராமுக்குச் சரியாக 150 மைக்ரோகிராம் வருகிறது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2000-இல் விலக்கப்பட்டு, டீச்சர் போர்வைக்குள் நடுங்கிய அதே 2006 மே மாதத்தில்தான் நாடு முழுவதும் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உப்பு விளையும் மாநிலமான தமிழ்நாடு அயோடின் உப்பைப் பயன்படுத்துவதில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. வாசலில் வந்து இறங்கும் கல்லுப்பு அதற்கு ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் மைத்துனர் சொன்னது சரிதானே என்று தோன்றும். இமயமலை அடிவாரத்தில் பிறந்திருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும். பனியும் மழையும் மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்ட நாடு அது. இமாசலத்தின் காங்க்ராப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளின் கழுத்தில்கூட வீக்கம் தொங்கியது. வி. ராமலிங்கசுவாமியும் உடன் இருந்தவர்களும் 1956-இல் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றில் வெறும் உப்பும் கிடைக்கச் செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இரண்டு பகுதிகளிலும் வீக்கம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மூன்றாவது பகுதியில் பெரிய மாற்றமில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு போனது. 1962-இல் தொடங்கிய தேசிய முன்கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டத்துக்கு அந்த ஆய்வு வலுவான அடித்தளமாக இருந்தது. இந்திய மருத்துவம் பெருமைப்படத்தக்க வேலை. எத்தனையோ குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அந்த உப்பு காத்திருக்கிறது.

டீச்சரின் நோய் வேறு. வாரத்தில் பல நாள் மீன் குழம்பு கொதிக்கும் வீட்டில் அயோடின் அப்படி அற்றுப் போயிருக்கவில்லை. அவருடைய உடம்பின் காப்புப் படையே சுரப்பியை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கிக்கொண்டிருந்தது. இதை முதலில் நுண்ணோக்கியில் கண்டவர் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய இளம் மருத்துவர். நான்கு பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த சுரப்பிகளில் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைப் பார்த்து, 1912-இல் ஒரு ஜெர்மன் இதழில் எழுதினார். பிறகு சொந்த ஊரான இகாவுக்குத் திரும்பி, வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்து, 1934-இல் டைஃபாய்டு கண்டு இறந்தார். அந்த வெள்ளணுக்கள் ஏன் அங்கே திரண்டன என்பது 1956-இல்தான் விளங்கியது. லண்டனில் ஐவன் ராய்ட்டும் டெபோரா டோனியாக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். காங்க்ராவின் உப்பு ஆய்வு தொடங்கியதும் இது நடந்ததும் ஒரே ஆண்டில். ஒன்று அயோடினால் தீரும் நோய், மற்றது தீராத நோய்.

இதெல்லாம் அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மைத்துனர் கொண்டுவந்த புட்டியில் கெல்ப் மாத்திரைகள் இருந்தன. கடற்பாசியைக் காயவைத்துப் பொடித்துச் செய்தவை. மேலே பச்சை இலைப் படம், இயற்கையானது என்ற உறுதிமொழி. இந்தக் கடற்பாசிகளில் சிலவற்றின் ஒரு கிராமிலேயே ஒரு நாள் தேவையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அயோடின் இருக்கும். அயோடின் மருந்தான லூகால் கரைசல் அதைவிடக் கடுமையானது. பாரிஸ் மருத்துவர் லூகால் 1829-இல் உருவாக்கிய அந்த மருந்தின் ஒரே சொட்டில் ஏறத்தாழ ஆறு மில்லிகிராம் அயோடின். அதாவது நாற்பது நாள் தேவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி மாமியாருக்கும் வேறொரு கவலை இருந்தது. “ஏட்டி, அந்த மாத்திரையை ஒருக்கா தொட்டுட்டா சாவுற மட்டும் விட முடியாதாம்லா?” டீச்சர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கெல்ப்பையும் கஷாயத்தையும் எடுத்துக்கொண்டார்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. சொல்லப்போனால் முன்பைவிடத் தெம்பு. மதினி ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகு படிப்படியாகக் குரல் மீண்டும் கட்டியது, கால் கனத்தது, ஒரு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனமில்லை. கழுத்துப் பட்டையும் முன்பைவிட இறுக்கமாகத் தெரிந்தது. கணவர் வற்புறுத்தி அழைத்துப் போனார்.

அன்று மருத்துவமனையில் கூட்டமில்லை. அந்த மருத்துவர் நிதானமாகப் பேசிய முதல் நாள் அது. டீச்சர் அந்த உரையாடலை இன்றும் வரி பிசகாமல் சொல்வார். நிறுத்தின பிறகும் ஏன் நன்றாக இருந்தது என்று கேட்டதற்கு, “மோட்டாரை நிறுத்தின பெறகும் மாடித் தொட்டித் தண்ணி கொஞ்ச நேரம் வரும்லா?” என்றார் மருத்துவர். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அதற்கடுத்த பாதி குறைய இன்னொரு வாரம். சோர்வு முழுதாகத் திரும்புவதற்குள் மாதக்கணக்கு ஓடிவிடும். அந்த இடைவெளியில் குடித்த எதற்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

வீட்டு வைத்தியத்தால் தைராய்டு குணமானது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. டிஎஸ்எச் கொஞ்சமாக ஏறியிருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு, மறுபடி சோதித்தால் மருந்தே இல்லாமல் அது இயல்புக்கு வந்திருக்கிறது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் வரும் தைராய்டுக் குறைபாடு பல பெண்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிறது. அந்தக் காலத்தில் கொத்தமல்லி நீர் குடித்தவர் கொத்தமல்லிக்கு நன்றி சொல்கிறார். அவருடைய நன்றி உண்மையானது. அதைக் கேட்டுச் சுரப்பி அழிந்துபோன இன்னொருத்தி மாத்திரையை விடுகிறாளே, அங்கேதான் கேடு தொடங்குகிறது. முற்றிப்போனால் உடம்பு சில்லிட்டு, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகும்.

கெல்ப் பற்றி மருத்துவர் சொன்னது டீச்சருக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது. அயோடின் கூடினால் சுரப்பி வேலையைக் கூட்டாது, நிறுத்தும். 1948-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வுல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் எலிகளில் கண்டது இது. நல்ல சுரப்பி சில நாட்களில் அந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். ஹாஷிமோட்டோவால் புண்பட்ட சுரப்பி மீளாமல் போகலாம். ஹொக்கைடோ கடற்கரையில் கொம்பு என்ற பாசியை அளவின்றிச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்களுக்கு அதனாலேயே கழுத்து வீங்கியதை 1960-களில் ஜப்பானியர்கள் எழுதியிருக்கிறார்கள். பாசியைக் குறைத்ததும் வீக்கம் வடிந்தது. டென்மார்க்கில் 1998-க்குப் பிறகு உப்பில் அயோடின் சேர்த்தபோது கழலை குறைந்தது. கூடவே தைராய்டுக் குறைபாடு புதிதாகக் கண்டறியப்படுவோர் எண்ணிக்கை கூடியது. அதற்காக அவர்கள் உப்பைக் கைவிடவில்லை. ஊருக்குப் போடும் அளவு வேறு, ஒருவர் தானாகப் புட்டியில் வாங்கி விழுங்கும் அளவு வேறு.

கெல்ப் நின்றது; மாத்திரை திரும்பியது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் இறங்கியிருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. “எதோட போடுதீங்க?” என்று கேட்டார் மருத்துவர். காபியோடுதான். விடிந்ததும் டபராவும் மாத்திரையும் ஒன்றாகவே வரும். காபி அந்த மருந்தைக் குடல் உறிஞ்சவிடாது. பாலில் உள்ள கால்சியமும், ரத்தசோகைக்குத் தரும் இரும்பு மாத்திரையும் அப்படித்தான். இரும்புக்கும் கால்சிய மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அன்றிலிருந்து டீச்சர் எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்து முடித்த பிறகே காபி. இந்த ஒரு மாற்றத்தில் அளவு சரிக்கு வந்தது. மருந்துச் சீட்டில் “காலையில்” என்பதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி எழுதினால் எத்தனை பேர் வீணாக அலையாமல் இருப்பார்கள்!

இந்த மருந்தும் ஒரு காலத்தில் அடுக்களைக்குள் இருந்ததுதான். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை, முகம் ஊதி, பேச்சு குழறிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, 74 வயது வரை வாழ்ந்து 1919-இல் இறந்தார். அதுவரை அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானது. மறு ஆண்டே எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற மருத்துவர், ஊசி வேண்டாம், சுரப்பியை லேசாக வறுத்து நறுக்கிப் பழப்பாகோடு சாப்பிட்டாலே போதும் என்று காட்டினார். 1914 கிறிஸ்துமஸ் நாளன்று எட்வர்ட் கெண்டால் அமெரிக்காவில் தைராக்சினை முதன்முறையாகப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மூன்று டன் பன்றிச் சுரப்பியிலிருந்து கிடைத்தது 33 கிராம். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். இன்று எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்ற பெயர்களில் மருந்துக்கடை அலமாரியில் சிறு புட்டியாக நிற்பது அதுதான். மாமியாரிடம் டீச்சர் இதைத்தான் சொன்னார்: “உடம்பு செய்ய மறந்ததைத்தான் வெளியேருந்து குடுக்கோம், அத்தை. இது புதுசா ஒண்ணும் இல்ல.” மாமியாருக்கு அது விளங்கியது. காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பது பிறகு அவர் வேலையானது.

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. டீச்சரின் மகளும் அந்தக் கணக்கில் வருபவள். இது குடும்பத்தில் ஓடும் நோய் என்பதால் கல்லூரி முடிந்ததுமே சோதித்து, சிறிய அளவில் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். சென்னையில் குடித்தனம் வைத்த மகள் இயற்கையானது என்று நம்பி இந்துப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் அந்த உப்பில் அயோடின் மிகக் குறைவு. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டீச்சர் ரயிலேறினார்.

முதல் வேலையாக அடுக்களையில் அயோடின் உப்பை மூடியுள்ள டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்தார். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வயிற்றுப் பிள்ளையின் சுரப்பி பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை அதன் மூளை தாயின் தைராக்சினை நம்பியே வளர்கிறது. மருத்துவர் உடனே மாத்திரை அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்கச் சொன்னார். கெல்ப் கூடாது, கஷாயச் சூரணம் எதுவும் கேட்காமல் கூடாது என்றும் சொன்னார். முருங்கைக்கீரைக்கும் சுக்கு காபிக்கும் தடையில்லை. சுக்கு காபி மட்டும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து.

பெண் குழந்தை. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தித் துளி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அது மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். தாமதமானால் இழந்த அறிவு வளர்ச்சி திரும்பாது. பேத்தியின் டிஎஸ்எச் இயல்பாக இருந்தது. மகளின் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கே குறைத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள்.